கடல், பாண்டி, சிதம்பரம், பண்ருட்டி: முதல் கட்டாவைச் சொல்லிக்கொடுக்கும் மூன்று மாதம்

கடலூரில் மொட்டை மாடியிலோ பள்ளி மைதானத்திலோ நடக்கும் கராத்தே கிளாஸில் சேர்கிற பிள்ளை, வாரம் மூன்று நாள் தவறாமல் வந்தால், மூன்று மாதத்தில் முதல் பெல்ட் டெஸ்ட்டுக்குத் தயாராகிவிடும். கணக்குப் பார்த்தால் 36 வகுப்பு. அதில் முதல் 12 வகுப்பைக் காலுக்கே கொடுத்துவிட வேண்டும். "இன்னும் உதைக்கவே சொல்லித் தரலையா மாஸ்டர்?" என்று பெற்றோர் கேட்பார்கள். கால் நிற்காத பிள்ளை உதைத்தால் முதலில் விழுவது அந்தப் பிள்ளைதான். இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

முதல் நாள் வேலை கழற்றி வைப்பது. கொலுசு, வளையல், கம்மல், கழுத்துச் செயின், கையில் கட்டிய தாயத்து எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு வரச் சொல்லுங்கள், கால் நகத்தையும் சேர்த்து. காலை ஆறு மணி வகுப்புக்கு வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைக்கு அரை மணி நேரத்தில் தலை சுற்றும். கிளம்பும்போது ஒரு வாழைப்பழம் போதும், இட்லி வகுப்பு முடிந்து போய்ச் சாப்பிடலாம்.

அடுத்தது முஷ்டி. எளிதாகத் தெரிவதால் எல்லோரும் அவசரமாகத் தாண்டிவிடுகிற இடம் இது. நான்கு விரலின் நுனியையும் விரல் அடியிலேயே மடக்கி, பிறகு உள்ளங்கைக்குள் உருட்டி, கட்டை விரலை வெளியே கொண்டுவந்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் மேலும் படிய வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் கட்டை விரலை உள்ளே பொத்திக்கொள்ளும். அப்படியே பேடில், அதாவது குத்திப் பழகும் மெத்தையில், குத்தினால் கட்டை விரல் மூட்டு போய்விடும். பட வேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் அடி முட்டி. மணிக்கட்டு நேராக இருக்கிறதா என்று பார்க்க 30 செ.மீ. ஸ்கேலை முன்கையிலிருந்து புறங்கை வரை படுக்க வையுங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தாலோ ஸ்கேல் ஆடினாலோ மணிக்கட்டு மடிந்திருக்கிறது. நாம் நூறு முறை சொல்வதை ஸ்கேல் ஒரு முறையில் காட்டிவிடும். காற்றில் குத்தும்போது முழங்கையை வெடுக்கென்று பூட்டவும் விடாதீர்கள். இரண்டே வாரத்தில் முழங்கை வலி என்று வந்து நிற்கும்.

இனி கால். முன்காலை மடக்கி நிற்கும் நிலையான ஸென்குட்சு தாச்சிக்குத் தரையில் சாக்பீஸால் இரண்டு இணைகோடு போடுங்கள், இடைவெளி அந்தப் பிள்ளையின் தோள் அகலம். இடது கால் ஒரு கோட்டில், வலது கால் இன்னொன்றில். முன்னுக்கும் பின்னுக்கும் ஏறக்குறைய இரண்டு தோள் நீளம். எடையில் அறுபது பங்கு முன்காலில், நாற்பது பின்காலில். கோடு இல்லாவிட்டால் மூன்றாவது அடியிலேயே இரண்டு காலும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிடும், தோளைத் தொட்டால் போதும், பிள்ளை சாயும். பின்குதிகாலுக்கு ஒரு துண்டுப் பேப்பரைச் செருகி இழுத்துப் பாருங்கள். பேப்பர் வந்துவிட்டால் குதிகால் தரையில் இல்லை. பெரும்பாலும் நிலை அளவுக்கு மீறி நீண்டிருக்கும். குறுக்கி நிற்க வைத்து, வாரத்துக்குக் கொஞ்சம் நீட்டலாம். பின்காலின் பாதம் முழுக்கப் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் இடுப்பு முன்னால் வராது, குத்தில் கை மட்டும்தான் இருக்கும். நடக்கும்போது தலை ஏறி இறங்குகிறதா என்று பார்க்க, உச்சந்தலைக்கு ஒரு விரல் மேலே சிலம்பக் கம்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கலாம். கம்பு தட்டினால் பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

எண்ணுகிறவர் செய்யும் தப்பும் உண்டு. முன்வரிசையைப் பார்த்து ஜப்பானிய மொழியில் "இச், நி, சன்" (ஒன்று, இரண்டு, மூன்று) என்று விரட்டினால் கடைசி வரிசைப் பிள்ளைகள் கால் ஊன்றாமலே அடுத்த அடிக்குப் போய்விடும். கடைசிக் குதிகால் தரையில் படியும் வரை அடுத்த எண்ணைச் சொல்லக் கூடாது.

கெதான் பராய் (கீழ்த் தடுப்பு), அகே உகே (தலைக்கு மேல் தடுப்பு) இரண்டும் ஓரளவு வந்ததும் முதல் கட்டாவான ஹெயான் ஷோதானைத் தொடங்கலாம். கட்டா என்றால் எதிராளி இல்லாமல் வரிசை மாறாமல் செய்யும் அடி, தடுப்புக் கோவை. ஒகினாவாவில் இதோசு அங்கோ பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகவே வகுத்த வரிசையைச் சேர்ந்த கட்டா இது. பினான் என்று இருந்த பெயரை ஹெயான் என்று மாற்றிய கராத்தே ஆசான் ஃபுனாகோஷி, முதல் இரண்டின் வரிசையையும் மாற்றினார். அதனால் ஷிதோ ரியூ என்ற வேறு கராத்தே பிரிவு கிளாஸிலிருந்து வருகிற பிள்ளை இதையே பினான் நிதான் என்று சொல்லும். அடிப்படையில் கட்டா ஒன்றுதான், குழப்ப வேண்டாம்.

மொத்தம் 21 அசைவு. பிள்ளைகள் மறப்பது அசைவை அல்ல, திசையை. இடம், வலம், 90 டிகிரி, 270 டிகிரி என்று சொல்லிப் பயனில்லை. கடலூர் நமக்கு ஒரு வசதி தந்திருக்கிறது: கிழக்கே கடல், வடக்கே பாண்டி, தெற்கே சிதம்பரம், மேற்கே பண்ருட்டி. தரையில் ஒரு பெருக்கல் குறி போட்டு, அதில் கடலைப் பார்த்து நிற்க வையுங்கள். பாண்டி பக்கம் தடுத்து ஒரு குத்து. அப்படியே திரும்பிச் சிதம்பரம் பக்கம் தடுப்பு, காலைப் பாதி இழுத்து முஷ்டியின் அடியால் ஒரு சுற்றடி, ஒரு குத்து. கடலைப் பார்த்துத் தடுப்பு, பிறகு மூன்று அகே உகே, மூன்றாவதில் கியாய் என்ற உரத்த கத்தல். இது ஒன்பதாவது அசைவு. இங்கிருந்து சிதம்பரத்துக்குப் போக வேண்டும், ஆனால் சுற்றுவழியில்: வலது காலில் ஊன்றி, இடது காலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், பாண்டியையும் பண்ருட்டியையும் தாண்டிச் சிதம்பரம். பத்தில் எட்டுப் பிள்ளைகள் குறுக்குவழியில் வலப்பக்கம் திரும்பிவிடும். அப்படித் திரும்பினால் தவறான கால் முன்னால் வரும், அதன்பின் எல்லாமே தலைகீழ். இந்த ஒரு திருப்பத்தை மட்டும் ஒரு வகுப்பு முழுக்கச் செய்யலாம், வீண் போகாது. பிறகு சிதம்பரம், பாண்டி இரண்டிலும் தடுப்பும் குத்தும், பண்ருட்டி பக்கம் தடுத்து மூன்று குத்து, கியாய். மறுபடி அதே சுற்றுவழித் திருப்பம், இந்த முறை பாண்டிக்கு. கடைசி நான்கும் ஷுதோ உகே, அதாவது விரித்த கையின் ஓரத்தால் தடுப்பது, எடை எழுபது பங்கு பின்காலில். முடிக்கும்போது பெருக்கல் குறியிலேயே நிற்க வேண்டும். ஒரு முழம் தள்ளி நின்றால் போகும் அடியும் வரும் அடியும் ஒரே நீளத்தில் இல்லை.

சிமென்ட் தரையில் இத்தனை முறை திரும்பினால் முன்பாதத் தோல் உரியும். முந்தின நாளே பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். சித்திரை, வைகாசியில் ஏழரைக்கு மேல் மாடித் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. ஐப்பசி மழையில் டைல்ஸ் வழுக்கும், அந்த நாட்களில் திருப்பம் வேண்டாம், நின்ற இடத்தில் குத்தும் தடுப்பும் போதும். நனைந்த யூனிஃபார்மைப் பைக்குள் ஒரு இரவு விட்டால் இந்த ஊர் ஈரக்காற்றில் கரும்புள்ளி விழும், அது லேசில் போகாது. பருத்தி சுருங்கும் என்பதால் 140 செ.மீ. உயரப் பிள்ளைக்கு 150 அளவு எடுங்கள்.

ஊர்ப்பெயர் முறையில் ஒரு சிக்கலும் இருக்கிறது. டெஸ்ட் வேறு மண்டபத்தில், வேறு பக்கம் பார்த்து நடக்கும். உள்ளே நுழைந்ததும் பிள்ளை கடல் எந்தப் பக்கம் என்று தேடும். அதனால் கடைசி இரண்டு வாரம் தினமும் ஒரு சுவரைக் கடல் என்று சொல்லித் தொடங்குங்கள். ஒரு நாள் தண்ணீர்த் தொட்டி கடல், ஒரு நாள் மாடிப்படி கடல். கடைசி வகுப்பில் வாய் திறக்காமல் எங்கேயாவது நிற்க வையுங்கள். டெஸ்டில் பரீட்சகர் உட்கார்ந்திருக்கும் மேசைதான் கடல்.