தினக் கோட்டா தீர்ந்தது தெரியாமல் விழித்த இரவு

நேற்றிரவுதான் முடிந்தது. கிளவுட் டேட்டாபேஸில் இருந்த 6 லட்சம் பதிவுகளைப் படித்து வேறொரு டேட்டாபேஸுக்கு மாற்ற வேண்டும். அரை நாள் வேலை என்று நினைத்தேன், நான்கு நாள் போய்விட்டது. எரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவைக்கிறேன்.

ஏபிஐ கீ (டேட்டாபேஸை நிரல் வழியாக அணுகுவதற்கான சாவி), அனுமதிகள், சோதனை ஓட்டம் எல்லாம் சிக்கலில்லாமல் போயின. நிஜ ஓட்டத்தில் பத்தாவது நிமிடமே 429 பிழை, அதாவது அளவுக்கு மேல் கோரிக்கை வருகிறது என்ற பதில். சரி, வேகம் அதிகம் போல என்று 2, 4, 8 நொடி எனக் காத்திருந்து மறுபடி கேட்கும்படி மாற்றினேன். இணையாக ஓடிப் பதிவுகளைப் படிக்கும் எட்டு வொர்க்கர்களும் ஒன்றாகக் காத்திருந்து ஒன்றாகவே போய் முட்டின. ஒவ்வொன்றின் காத்திருப்பிலும் ரேண்டமாகக் கொஞ்சம் நேரம் கூட்டிய பிறகுதான் நெரிசல் குறைந்தது. இன்னொரு தப்பு: நான் பயன்படுத்திய ஆயத்த லைப்ரரி தானாகவே 4 முறை முயல்கிறது, அதற்கு மேல் என் நிரல் 5 முறை. தோற்கிற ஒரு கோரிக்கை 20 ஆகிக்கொண்டிருந்தது. மறுமுயற்சி ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும்.

சாயங்காலம் மறுபடி 429. இந்த முறை எவ்வளவு காத்திருந்தும் போகவில்லை. நிமிடக் கணக்கு வரம்புக்கும் தினக் கோட்டாவுக்கும் (ஒரு நாளில் படிக்கக்கூடிய உச்ச அளவு) ஒரே எண்தான் வருகிறது. எது தீர்ந்தது என்று பதிலின் உள்ளே எழுதியிருந்தது, நான் லாக்கில் வெறும் எண்ணை மட்டும் பதிந்திருந்தேன். தயவுசெய்து முழுச் செய்தியையும் பதியுங்கள். கோட்டா நள்ளிரவில் புதுப்பிக்கப்படும் என்று படித்துவிட்டு எங்கள் நள்ளிரவு வரை கண்விழித்தேன். அது அவர்களுடைய நேர மண்டலத்தின் நள்ளிரவு!

கோட்டாவை உயர்த்தக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து, எந்த ரீஜன் (சர்வர்கள் இருக்கும் பகுதி), நொடிக்கு உச்சமாக எத்தனை கோரிக்கை, எதற்காக என்ற விவரம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இதை முதல் படிவத்திலேயே கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்காமலே எழுதிவிடுங்கள்.

அந்தக் காத்திருப்பில்தான் பயன்பாட்டு வரைபடத்தை நிதானமாகப் பார்த்தேன். பக்கத்துக்கு 500 பதிவு, ஆஃப்செட் முறை, அதாவது ஒவ்வொரு பக்கத்துக்கும் முதல் பதிவிலிருந்து எண்ணித் தாண்டிப் போவது. தாண்டிப் போகிற பதிவுகளையும் வாசித்ததாகவே எண்ணியிருக்கிறார்கள். 44 பக்கத்தில் என் கைக்கு வந்தது 22,000 பதிவு, கணக்கில் ஏறியது 4,95,000 வாசிப்பு. தினக் கோட்டாவே 5 லட்சம்தான்! கடைசியாகப் படித்த பதிவிலிருந்து தொடரும் கர்சர் முறைக்கு மாற்றி, அந்த இடத்தை ஃபைலில் சேமித்துக்கொண்டேன். உயர்த்தாத கோட்டாவிலேயே இரண்டு நாளில் மொத்தமும் வந்துவிட்டது. எண்ணிக்கை சரியாகப் பொருந்தியபோதுதான் மூச்சு வந்தது.

அப்புறம், பட்ஜெட் எச்சரிக்கையை நம்பி இருந்துவிடாதீர்கள். நான் வைத்திருந்தது மின்னஞ்சல் மட்டும்தான் அனுப்பியது, வாசிப்புகளை நிறுத்தவில்லை. இப்போது கோட்டாவில் 70 சதவீதம் தொட்டதும் வொர்க்கர்களே நின்றுவிடும்படி எழுதியிருக்கிறேன்.