நஞ்சராயன் குளமும் நின்றுபோன ஆர்டர்களும்: இந்தக் குளிர்காலத்துப் பறவைக் கணக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற ஆளாக இருக்கிறேன். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 27 என்ற தேதியை விளக்க வேண்டியதில்லை, இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி அன்றைக்குத்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வாரங்களில் ராப்பகலாக பீஸ் ஓட்டி கன்டெய்னர் ஏற்றினோம். அதற்கப்புறம் பையரிடமிருந்து, அதாவது அமெரிக்காவில் சரக்கு வாங்குகிறவரிடமிருந்து வந்த மெயில்கள் எல்லாமே 'கொஞ்சம் பொறுங்கள்' ரகம்தான். வெட்டிப் போட்ட துணி கட்டிங் டேபிளுக்குக் கீழே கட்டுக்கட்டாகக் கிடந்தது, ஓவர்டைம் நின்றது, நைட் ஷிஃப்ட் நின்றது. எனக்குத் தூக்கமும் நின்றது. ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வரும், பையர் ஊரில் அப்போதுதான் ஆபீஸ் முடிகிற நேரம் என்பதால் கை தானாகப் போனைத் தேடும், அப்புறம் விடிகிறவரைக்கும் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

பறவை பார்க்கிற யோசனை என்னுடையது இல்லை. மச்சான் ஒருத்தர் ஊட்டிக்குப் போகும்போது வாங்கிய பைனாகுலர் அவர் வீட்டு பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. "மூணு மணிக்கு முழிச்சுட்டுச் சும்மா படுத்திருக்கறதுக்கு அஞ்சு மணிக்கு எந்திரிச்சு எங்கியாவது போங்க மாப்ள" என்று எடுத்துக் கொடுத்தார். 8x42 என்று போட்டிருந்தது. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடி 42 மில்லிமீட்டர். இதைவிட அதிக மடங்கு வாங்கினால் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படியில்லை. மடங்கு கூடக்கூடக் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகத் தெரியும், பார்வைப் பரப்பும் சுருங்கிவிடும். ஸ்டாண்டு இல்லாமல் பார்க்க எட்டு போதும். வாங்கப் போகிறவர்கள் 20 மடங்கு, 30 மடங்கு என்று விற்கிற விளையாட்டுச் சாமானில் காசைப் போடாதீர்கள்.

ஊத்துக்குளி ரோட்டில் சர்க்கார் பெரியபாளையம் பக்கம் இருக்கிறது நஞ்சராயன் குளம். கூலிபாளையம் குளம் என்றும் சொல்வார்கள். முன்னூறு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். நல்லாற்றுத் தண்ணீர்தான் இதற்கு வரத்து, அதோடு ஊர்க் கழிவும் சேர்ந்து வரும் என்பதை மூக்கே சொல்லிவிடும். 2022இல் மாநிலத்தின் 17வது பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024 ஆகஸ்டில் முக்கியமான ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலிலும் சேர்த்தார்கள். 2011 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடிய காலத்தில் நான் தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் டேபிளில் இருந்தேன். அன்றைக்கு ஊரெல்லாம் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றுத் தண்ணீரைப் பற்றித்தான் பேச்சு. அந்த ஊரிலேயே சர்வதேசப் பட்டியலில் இடம்பிடித்த ஒரு குளமும் இருக்கிறது என்றால் எனக்கே சிரிப்பு வந்தது, ஆனால் இருக்கிறது.

அக்டோபரில் போன முதல் சில தடவைகள் பெரிதாக ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. நாமக்கோழி தெரிந்தது, உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. அப்புறம் கூழைக்கடா, நீர்க்காகம், முங்கி முங்கி எழும் முக்குளிப்பான். மிச்சமெல்லாம் தூரத்தில் மிதக்கிற பழுப்புப் புள்ளிகள். மனசு லேசாகும், காற்று நன்றாக இருக்கும் என்றெல்லாம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். காற்றைப் பற்றித்தான் மேலேயே சொல்லிவிட்டேனே.

மாற்றம் வந்தது அந்தப் பழுப்புப் புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான். ஆண் வாத்துகளை அடையாளம் காண்பது சுலபம், படத்தில் இருக்கிற மாதிரியே பளிச்சென்று இருக்கும். பெண் வாத்துகள் எல்லாம் ஒரே பழுப்பு. அதிலும் வலசை வந்த புதிதில் ஆண்களே பெண் மாதிரிதான் இருக்கும், ஏனென்றால் இனப்பெருக்கம் முடிந்ததும் பகட்டு இறகுகளை உதிர்த்துவிட்டு மங்கலான உடையில்தான் கிளம்பி வருகின்றன. அப்போது நிறத்தை நம்பிப் பிரயோஜனம் இல்லை. அலகின் நீளம், முகத்தில் கோடு இருக்கிறதா இல்லையா, கழுத்து எவ்வளவு நீளம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். புள்ளிமூக்கு வாத்துக்கு அலகு நுனியில் மஞ்சள். ஊசிவால் வாத்தின் பெண்ணுக்குக் கழுத்து நீளம், முகம் கோடில்லாமல் சுத்தமாக இருக்கும். நீலச்சிறகியின் பெண்ணுக்கு முகத்தில் கோடு கோடாக ஓடும். இப்படிப் பார்க்கத் தொடங்கியதும் எனக்குள் இருந்த பழைய செக்கர் எழுந்து உட்கார்ந்துகொண்டான். வருஷக்கணக்கில் காலர் பாயின்ட், பாட்டம் ஹெம், ஷேட் என்று பார்த்துப் பழகிய கண் அல்லவா? வித்தியாசம் என்னவென்றால், இங்கே எந்தப் பீஸையும் ரிஜெக்ட் செய்ய வேண்டியதில்லை. யாருக்கும் ரிப்போர்ட் போட வேண்டியதில்லை. தப்பாகச் சொன்னாலும் எவனுக்கும் நஷ்டமில்லை.

மற்றவர்கள் எப்படியோ, எனக்கு ஆறுதல் கிடைத்தது இந்த இடத்தில்தான். மனசை வெறுமையாக வை, மூச்சைக் கவனி என்று சொன்னால் என் மனசு நேராக எல்.சி. தேதிக்குத்தான், பையரின் பேங்க் பணத்துக்கு உறுதி கொடுக்கிற கடிதத்தின் கெடுவுக்குத்தான் ஓடும். அதற்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும், ஆனால் அந்த வேலையின் முடிவில் யாருடைய சம்பளமும் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. அறுபது எழுபது வாத்துக் கூட்டத்தில் நீலச்சிறகி எத்தனை என்று தேடுகிற அரை மணி நேரத்தில் வரியும் வராது, பையரும் வரமாட்டான்.

நவம்பரில் தட்டைவாயன்கள் வந்து சேர்ந்தன, அதிலிருந்து எனக்குப் பிடித்த பறவை அதுதான். நுனியில் அகன்று தட்டையாக விரியும் அலகு, தலைக்குப் பொருத்தமே இல்லாத அளவுக்குப் பெரியது. ஒரு நாள் கரைக்குக் கிட்டேயே, பைனாகுலர் கூடத் தேவையில்லாத தூரத்தில் பத்துப் பதினைந்து மேய்ந்துகொண்டிருந்தன. அலகைத் தண்ணீர் மட்டத்தில் அப்படியே படுக்கப் போட்டுக்கொண்டு, தலையைத் தூக்காமல், முன்னால் போகிற வாத்தின் வாலை ஒட்டியே அடுத்தது போக, அதன் பின்னால் அடுத்தது, கொஞ்ச நேரத்தில் முழு வட்டமாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டன. கால்களால் கலக்கும்போது கீழே இருக்கிற சின்னஞ்சிறு உயிர்களும் விதைகளும் மேலே வருகின்றன, அலகின் ஓரத்தில் நெருக்கமாக இருக்கும் சீப்புப் பல் மாதிரியான மெல்லிய தகடுகள் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு இரையை மட்டும் நிறுத்திக்கொள்கின்றன. கிட்டே இருந்தால் அந்தச் சளசள சத்தம்கூடக் கேட்கும். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது, பாக்கெட்டில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, எடுத்துப் பார்த்தபோது ஆபீஸிலிருந்து நாலு மிஸ்டுகால். எல்லாவற்றுக்கும் அப்புறம் பதில் சொன்னேன், ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை.

கரையில் ஆடு மேய்க்கிற ஆத்தா ஒருவர் பழக்கமானார். "ஏங்கண்ணு, கொக்கு பாக்கறதுக்கா இத்தனை வெள்ளன வார?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. டிசம்பரில் வரித்தலை வாத்து வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு இரண்டு வாரக் கடைசிகளில் தேடியும் கண்ணில் படவில்லை. அவரிடம் படத்தைக் காட்டினேன். "இந்தப் பெரிய வாத்துதான? அது வெடியக்காலந்தான் கரையேறிப் புல்லு திங்கும். வெயில் ஏறிருச்சுன்னா நடுத்தண்ணிக்குப் போயிரும். ஆடு போறதுக்கு மின்ன வா கண்ணு" என்றார். எந்த ஆப்பும் சொல்லாத தகவல். அடுத்த முறை இருட்டோடு போய் நின்றேன். வெளிச்சம் வரும்போது மேற்குக் கரைப் புல்லில் சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம், வெள்ளைத் தலையில் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டைகள், காலும் அலகும் மஞ்சள். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி இங்கே வருகின்றன. 7,000 மீட்டருக்கும் மேலே பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் இருக்கிற கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்கிற மாதிரி அவற்றின் ரத்தத்தில் ஹீமோகுளோபினே கொஞ்சம் மாறி அமைந்திருக்கிறது. அவ்வளவு தூரம் வந்தது சர்க்கார் பெரியபாளையத்துப் புல்லை நறுக்கித் தின்பதற்கு. ஆத்தாவின் ஆடுகள் வந்ததும் மெதுவாக நடந்து தண்ணீரில் இறங்கிவிட்டன, பறக்கக்கூட இல்லை.

எல்லாம் இனித்தது என்று எழுதினால் பொய். டிசம்பர் நடுவில் கம்பெனியில் ஒரு லைனை மொத்தமாக நிறுத்தினார்கள். அதில் இருந்தவர்களில் பாதிப் பேர் நான் செக்கிங்கில் இருந்த காலத்திலிருந்தே தெரிந்த அக்காமார். அந்த ஞாயிற்றுக்கிழமை குளத்துக்குப் போனேன், எதுவும் ஒட்டவில்லை. ஒரே நாமக்கோழியைப் பைனாகுலரில் பிடித்துக்கொண்டு நின்றேன், பார்க்கிறேன் என்ற நினைவே இல்லை. சேற்றுப்பூனைப் பருந்து ஒன்று தாழப் பறந்து வந்து மொத்தக் குளத்தையும் கிளப்பிவிட்டது, ஆயிரக்கணக்கான இறகுகளின் இரைச்சல், அதுகூட ஏதோ பக்கத்து வீட்டில் நடக்கிற மாதிரிதான் இருந்தது. பாதியிலேயே திரும்பிவிட்டேன். வேலை போன அக்காவுக்கு என் பொழுதுபோக்கால் ஒரு பைசா உபயோகம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

தூக்கம் மட்டும் சீர்ப்பட்டிருக்கிறது. ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்பதால் ஒன்பதரைக்குப் படுக்கிறேன், போன் ஹாலில். மூன்று மணி முழிப்பு இன்னும் சில நாள் வருகிறது, ஆனால் மெயில் பார்ப்பதில்லை.

கணக்கெடுக்கவும் கற்றுக்கொண்டேன். பெரிய கூட்டத்தை ஒன்று ஒன்றாக எண்ண முடியாது. முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவில் கூட்டத்தை அளந்துகொண்டே போக வேண்டும். தமிழ்நாட்டில் 2015லிருந்து பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிஷம் ஒரு இடத்தில் பார்த்து, என்ன பறவை, எத்தனை என்று இபேர்ட் செயலியில் ஏற்றினால் போதும், குளமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, மொட்டைமாடியே போதும். இந்தப் பொங்கலுக்கு பேக்கிங் செக்‌ஷன் தம்பி ஒருவனும் அவன் மகளும் கூட வந்தார்கள். அந்தப் பிள்ளைக்குக் கண் கூர்மை. நான் தட்டைவாயன் என்று மொத்தமாக எழுதி வைத்திருந்த கூட்டத்துக்குள், "அங்கிள், அதுல ஒண்ணுக்கு மட்டும் புருவம் வெள்ளையா இருக்கு" என்று காட்டிக் கொடுத்தாள். ஆண் நீலச்சிறகி. அக்டோபரில் பெண் மாதிரியே வந்து இறங்கியவை இப்போது ஒவ்வொன்றாகப் புருவக் கோட்டைப் போட்டுக்கொள்கின்றன. லேப் டிப்பில், அதாவது சாயத்துக்குச் சின்னத் துண்டில் போட்டுப் பார்க்கிற சாம்பிளில், முதல் தடவை மங்கலாக வந்த ஷேடு, நாலைந்து திருத்தத்தில் ஒரிஜினலுக்கு வந்து சேர்வதைப் போலத்தான் இதுவும், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் ஏறும்.

இப்போது ஜனவரி கடைசி. பிப்ரவரியில் அந்தப் புருவங்கள் முழுசாக வந்துவிடும், அதைப் பார்க்க வேண்டும். ஓரத்துச் சேற்றில் திரிகிற உள்ளான்கள் பக்கம் இன்னும் நான் போகவே இல்லை. பொரி உள்ளானும் க்ரீன் சாண்ட்பைப்பரும் நிற்கும்போது ஒன்று போலவே இருக்கின்றன, பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் வெளுத்திருந்தால் பொரி உள்ளான், கறுத்திருந்தால் மற்றது என்கிறார்கள். சொல்வது சுலபம், அது பறக்கிற ஒரு நொடிக்குள் பைனாகுலரைத் தூக்க வேண்டுமே. மச்சான் பைனாகுலரைத் திருப்பிக் கேட்கத் தொடங்கிவிட்டார், சொந்தமாக ஒன்று வாங்கப் போனஸ் வரட்டும் என்று தள்ளிப் போட்டிருக்கிறேன். இந்த வருஷம் போனஸ் எப்படி என்று கேட்காதீர்கள்.