அடுத்த ஞாயிறுன்னா எந்த ஞாயிறு?

போன மாசம் நடந்த கூத்தை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அதுல தப்பு முழுக்க என்னோடது. நம்ம போட்டோகிராஃபி குரூப்போட நியூஸ், ஈவன்ட் எல்லாத்தையும் எழுதி அனுப்புற வேலைய நானா கேட்டு வாங்கிக்கிட்டேன், அதுவரைக்கும் பாத்துக்கிட்டிருந்த அண்ணன் "தம்பி, பாக்க ஈஸியா தெரியும்"னு மட்டும் சொல்லிட்டு சிரிச்சாரு. சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு "அடுத்த ஞாயிறு விடியக்காலைல போட்டோ வாக், எல்லாரும் வந்துடுங்க"ன்னு வாட்ஸப்ல தட்டிவிட்டுட்டு படுத்துட்டேன். என் மனசுல இருந்தது எட்டு நாள் தள்ளி வர்ற ஞாயிறு. அஞ்சு பேரு மறுநாளே இருட்டுல கிளம்பிப்போயி ட்ரைபாடை விரிச்சு வச்சுக்கிட்டு எனக்கு போன் மேல போன் போட்டிருக்காங்க, நான் சைலன்ட்ல போட்டுட்டு குறட்டை. எழுந்து பாத்தா பதினேழு மிஸ்டு கால், கடைசியா ஒரே ஒரு மெசேஜ்: "அண்ணே, அடுத்த ஞாயிறுன்னா எந்த ஞாயிறு?"

இதுல வேடிக்கை என்னன்னா அந்த அஞ்சு பேருக்கும் அன்னைக்கு நல்ல மூடுபனி கிடைச்சுது, மரம் ஒண்ணு பாதி தெரிஞ்சு பாதி கரைஞ்சு நிக்குற மாதிரி எடுத்துட்டு வந்தாங்க. நான் முறைப்படி கூட்டிட்டுப் போன ஞாயித்துக்கிழமை வானம் வெள்ளைவெளேர்னு சலவை வேட்டி மாதிரி இருந்துச்சு, போன ஒன்பது பேரும் ஆளுக்கு ஆள் மூஞ்சிய போட்டோ எடுத்துட்டு திரும்பினோம்.

அன்னையிலருந்து அறிவிப்புல தேதி, கிழமை ரெண்டும் போடுறேன். அதோட சூரியன் எத்தன மணிக்கு உதிக்குதுன்னும் போடுறேன், இதை யாருமே போடுறதில்ல, ஆனா காலை வாக்குக்கு இதுதான் உயிரு. "ஆறு மணிக்கு சந்திப்போம்"னு போட்டா ஒரு மாசத்துல அது நீல வெளிச்சமா இருக்கும், இன்னொரு மாசத்துல வெயில் கண்ணுல குத்தும். சூரியன் அடிவானத்துக்குக் கீழ சுமாரா ஆறு டிகிரியிலருந்து நாலு டிகிரிக்குள்ள இருக்கும்போதுதான் வானமும் தெருவிளக்கும் ஒரே அளவு வெளிச்சத்துல நிக்கும், அந்த நேரம் ரொம்ப கொஞ்சம்தான், லென்ஸ் மூடி எங்க விழுந்துச்சுன்னு தேடுறதுக்குள்ள முடிஞ்சுடும். அதனால இனிமே உதயத்துக்கு முக்கா மணி நேரம் முன்னாடி ஸ்பாட்ல இருக்கணும், லொகேஷன் பின் முதல்நாள் சாயங்காலமே வந்துடும், என் போன் சைலன்ட்ல இருக்காது. சத்தியமா.

சரி, இந்த மாசத்துல நடந்த உருப்படியான விஷயம் பிரிண்ட் நைட். பத்து பேர் வந்தாலே பெருசுன்னு நினைச்சிருந்தோம், பதினாலு பேர் வந்தாங்க. முறை என்னன்னா படத்தை பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வரணும், பேர் எழுதாம மேஜை மேல கவுத்து வைக்கணும், ஒவ்வொண்ணா திருப்புவோம், எடுத்தவங்க வாயே திறக்கக்கூடாது. "இதை எடுக்க நான் மூணு மணி நேரம் தண்ணில நின்னேன்"ங்கிற கதையெல்லாம் படத்துக்குள்ள இருந்தா இருக்கட்டும், இல்லன்னா வீட்டுலயே விட்டுட்டு வரட்டும்.

அதுல ஒரு படம். மழையில குடைய மடக்கிக்கிட்டே பஸ்ல ஏறுற ஒரு அம்மா, பின்னாடி கண்ணாடியெல்லாம் தண்ணி வழியுது, நல்ல படம்தான். குரூப்ல ரெண்டு மாசம் முன்னாடி போட்டப்ப இருபது பேர் ஹார்ட் விட்டோம், நானும் விட்டேன். பன்னெண்டுக்குப் பதினெட்டு இன்ச்ல மேஜை மேல திருப்பினதும் எல்லார் கண்ணும் நேரா வலது மேல் மூலைக்குத்தான் போச்சு, அங்க ஒரு டியூப்லைட் துண்டு வெள்ளையா எரிஞ்சுபோய் கிடக்குது. கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் நம்ம சீனியர் சார் ஒருத்தர் எழுந்து வந்து கட்டைவிரலை அந்த மூலை மேல வச்சு மறைச்சாரு, "இப்ப பாருங்க"ன்னாரு. விரலை எடுத்தாரு. திரும்ப வச்சாரு. அவ்வளவுதான். விரல் இருக்கும்போது அந்த அம்மா கையும் குடைக்கம்பியும் மட்டும் தெரியுது, விரலை எடுத்தா டியூப்லைட்டு. எடுத்த பொண்ணு வாய் திறக்கக்கூடாதுங்கிற ரூல மறந்து "அய்யய்யோ சார்"னுடுச்சு. போன் ஸ்கிரீன்ல அந்த மூலை அரிசி அளவு இருந்ததால ரெண்டு மாசமா ஒருத்தருக்கும் படல.

பிரிண்ட் போடுறவங்களுக்கு ஒரு வேண்டுகோள், இதை நான் எத்தன தடவ சொன்னாலும் யாராவது ஒருத்தர் செஞ்சுடறீங்க. ஃபைலை வாட்ஸப்ல சாதா போட்டோவா அனுப்பாதீங்க, சைஸ் சுருங்கிடும். பன்னெண்டுக்குப் பதினெட்டுக்கு இன்ச்சுக்கு 300 புள்ளி வேணும்னா 3600க்கு 5400 பிக்சல், அதாவது சுமார் 19 மெகாபிக்சல், 24 மெகாபிக்சல் கேமராவுல இது தாராளமா கிடைக்கும். அதையே சுருங்கின ஃபைலா 1600 பிக்சல்ல கொடுத்தா இன்ச்சுக்கு 90 புள்ளிகூட தேறாது, மூஞ்சி மாவுல பிடிச்ச பொம்மை மாதிரி வரும். டாக்குமெண்டா அனுப்புங்க, இல்லன்னா பென் டிரைவ்ல கொண்டு வாங்க. கலர் ஸ்பேஸ், அதாவது ஃபைல்ல கலரைக் குறிக்கிற முறை, எஸ்ஆர்ஜிபில (sRGB) சேவ் பண்ணிடுங்க, லேப் வேற எதாவது கேட்டா மட்டும் மாத்திக்கலாம்.

நம்ம கண்காட்சிக்கு படம் கேட்டிருக்கோம்ல, அதுல ஏஐ பத்தி பெரிய சண்டை. 2023ல போரிஸ் எல்டாக்சன்னு ஒரு ஜெர்மன்காரர் சோனி வேர்ல்ட் போட்டோகிராஃபி அவார்ட்ஸ்ல ஜெயிச்சுட்டு, அது ஏஐ வச்சு உருவாக்கின படம், போட்டியெல்லாம் இதுக்குத் தயாரா இருக்கான்னு பாக்கத்தான் அனுப்பினேன்னு பரிச வேணாம்னுட்டாரு. அடுத்த வருஷமே மைல்ஸ் ஆஸ்ட்ரேன்னு இன்னொருத்தர் தலைகீழா பண்ணாரு, தலையே இல்லாத மாதிரி தெரியுற ஒரு நிஜ ஃபிளமிங்கோ படத்தை ஒரு போட்டியோட ஏஐ பிரிவுல அனுப்பி பரிசு வாங்கிட்டு, அப்புறம் உண்மையச் சொல்லி தகுதி இழந்தாரு. பறவை வேற ஒண்ணுமில்ல, வயித்தை சொறிஞ்சுக்கிட்டிருந்துச்சு. படத்த மட்டும் பாத்து எது நிஜம், எது ஏஐன்னு சொல்றது அவ்வளவு கஷ்டம், நாம பதினாலு பேர் உக்காந்து கண்டுபிடிச்சுடுவோமா? அதனால என் கட்சி சிம்பிள், தேர்வாகுற படத்துக்கு ரா ஃபைலை, அதாவது கேமரா பதிவு பண்ணின எடிட் பண்ணாத ஃபைலைக் காட்டணும், போன்ல எடுத்தவங்க ஒரிஜினல் ஃபைலைக் காட்டணும், முடிஞ்சுது. நேச்சர் பிரிவுல குளோன் பண்ணி, அதாவது பக்கத்துல இருக்குறத காப்பி பண்ணி மேல ஒட்டி மறைச்சு, குச்சிய எடுக்குறது, பறவைய ஒட்டுறது எல்லாம் கிடையாது, எஃப்ஐஏபி (FIAP), பிஎஸ்ஏ (PSA)ங்கிற போட்டோகிராஃபி அமைப்புங்களோட அங்கீகாரம் இருக்குற போட்டோ போட்டிகள்லயும் அதான் விதி. இதுக்கு மேல "அப்ப டஸ்ட் ஸ்பாட்ட எடுக்கலாமா"ன்னு தனியா மெசேஜ் பண்ணாதீங்க, அது எடுக்கலாம், சென்சாரை ஒருதடவ துடைச்சா இன்னும் நல்லது.

இனிமே வர்றது தேதிகள். நாம பேசி வச்ச ஞாயிறு வேற, வானம் முடிவு பண்ற தேதி வேற, ரெண்டாவதுக்கு நாமதான் லீவு போட்டு போகணும். இந்த 2026ல ஆகஸ்ட் 12 அமாவாசை, பெர்சீட் எரிகல் மழை உச்சத்துக்கு வர்றதும் 12, 13 ராத்திரிதான், நிலா வெளிச்சமே இல்லாத வருஷம், இந்த மாதிரி பொருந்தி வர்றது அபூர்வம். அன்னைக்கே கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் பக்கம் முழு சூரிய கிரகணமும் இருக்கு, அங்க போக வழி இருக்குறவங்க போயிட்டு வந்து எங்களுக்கு வயித்தெரிச்சல் கிளப்புங்க. டிசம்பர்ல ஜெமினிட் எரிகல் மழை, 13 ஞாயிறு ராத்திரி தொடங்கி 14 திங்கள் விடியிற வரைக்கும், பிறை நிலா சீக்கிரமே மறைஞ்சுடும், ராத்திரி ரெண்டு மணி சுமாருக்கு நல்லா வரும். திங்கட்கிழமை ஆபீஸ்ல தூங்கி வழியுறதுக்கு நான் பொறுப்பில்ல. நட்சத்திரம் கோடா இழுக்காம இருக்க 500ஐ ஃபோகல் லெங்த்தால வகுத்துக்கோங்க, வர்ற செகண்டுக்கு மேல ஷட்டரைத் திறந்து வைக்காதீங்க, ஃபுல் ஃப்ரேம்ல 20 மில்லிமீட்டர்னா 25 செகண்டு, சென்சார் சின்னதா இருக்குற கிராப் கேமரான்னா ஃபோகல் லெங்த்தை கிராப் ஃபேக்டரால பெருக்கிட்டு வகுக்கணும்.

ஆகஸ்ட் 19 உலக போட்டோகிராஃபி தினம், புதன்கிழமை வருது, யாரும் வரமாட்டீங்கன்னு தெரியும், அதனால அன்னைக்கு ஆளுக்கொரு படம் மட்டும். 1839ல அந்தத் தேதிலதான் பாரிஸ்ல டாகர்ங்கிறவரோட டாகரோடைப் முறைய, அதாவது வெள்ளி பூசின தகட்டுல படம் பதியுற முறைய, வெளியிட்டு உலகத்துக்கே இலவசம்னு பிரான்ஸ் அறிவிச்சுது. அதுக்கு அஞ்சு நாள் முன்னாடியே டாகர் தரப்புல இங்கிலாந்துல பேடண்ட் போட்டு வச்சுட்டாங்கங்கிறது தனிக்கதை. செப்டம்பர் கடைசி சனிக்கிழமை, அதாவது 26, சயனோடைப். இரும்புச்சத்துள்ள ரெண்டு ரசாயனத்தைக் கலந்து பேப்பர்ல தடவி காயவச்சு, மேல இலையோ நெகடிவோ வச்சு வெயில்ல காட்டி, தண்ணில அலசினா நீலமா படம் வரும், 1842ல ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்ச முறை. பழைய சட்டை போட்டுட்டு வாங்க, நீலம் போகாது.

இப்ப உடனடியா இருக்குறது ஏப்ரல் 26, ஞாயித்துக்கிழமை, மறுபடியும் சொல்றேன், இருபத்தி ஆறாம் தேதி ஞாயிறு. உலக பின்ஹோல் தினம், அதாவது ஊசி ஓட்டை கேமரா தினம், 2001லருந்து ஒவ்வொரு ஏப்ரல் கடைசி ஞாயிறும் நடக்குது. லென்ஸ் கிடையாது, டப்பா, ஓட்டை, பேப்பர், அவ்வளவுதான். கூல்டிரிங்க் கேன் தகட்டுல ஒரு சின்னத் துண்டு வெட்டி, ஊசிய அழுத்தாம சுழட்டிச் சுழட்டி ஓட்டை போட்டு, பின்பக்கம் வர்ற பிசிறை நைஸான உப்புத்தாள்ல தேய்க்கணும். டப்பா 100 மில்லிமீட்டர் ஆழம்னா ஓட்டை சுமாரா 0.4 மில்லிமீட்டர், ஆழத்தை ஓட்டை அளவால வகுத்தா எஃப் 250. போட்டோ பேப்பரோட ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை உணருற திறன், ஆறு மாதிரிதான், அதனால நல்ல வெயில்லயே முப்பது, நாப்பது செகண்டு திறந்து வைக்கணும், நிழல்னா நிமிஷக்கணக்கு. பெரிசா ஓட்டை போட்டா சீக்கிரம் எடுக்கலாமேன்னு போன தடவ ஒருத்தர் ஆணி அடிச்சிட்டு வந்தாரு, படம்னு சொல்லிக்க ஒரு சாம்பல் மேகம் வந்துச்சு, அவரு அதையும் ஃப்ரேம் போட்டு வீட்டுல மாட்டிட்டாரு.

டார்க் ரூமா பயன்படுத்த சீனியர் சாரோட வீட்டு ஸ்டோர் ரூம் கிடைச்சிருக்கு, சிவப்பு லைட்டு என்கிட்ட இருக்கு, ஒரே நேரத்துல மூணு பேருக்கு மேல உள்ள போகமுடியாது. உள்ள ஆள் இருக்கும்போது கதவைத் தட்டுங்க, தள்ளாதீங்க, உள்ள இருக்குறவங்க போன் வந்தாலும் எடுத்துப் பாக்காதீங்க. டப்பாவுக்கு உள்பக்கம் கறுப்பு பெயிண்ட் வீட்டுலயே அடிச்சு காயவச்சு கொண்டு வந்துடுங்க, அங்க வந்து அடிச்சா ஈரத்துல பேப்பர் ஒட்டிக்கும். ஊசி, தகடு, உப்புத்தாள், கறுப்பு டேப் எல்லாம் நான் கொண்டு வரேன், டப்பா மட்டும் உங்களோடது, மூடி டைட்டா இருக்கணும். காலைல ஒன்பதுக்கு ஆரம்பிக்கிறோம், பின்ஹோலுக்கு உச்சி வெயில்தான் வேணுங்கிறதால இந்த ஒருதடவ யாரும் இருட்டுல கிளம்ப வேணாம், அந்த அஞ்சு பேர் குறிப்பா.