நான்காம் ஆண்டுக்கு எத்தனை பேர்?

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்க நான் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கட்டவில்லை. இலங்கையில் அரச பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு இலவசம். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எல்லோரும் "காசில்லாத படிப்பு" என்றே சொன்னார்கள். அம்மா மட்டும் அப்படிச் சொன்னதில்லை. அவர் எதையும் பேரில்தான் கணக்குப் பார்ப்பார். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கும் அதன் கூலிக்கும் ஒரு பேர் என்று கணக்கு. கடன், சீட்டு, கல்யாண மொய் எதுவானாலும் "இது எத்தனை பேர் வரும்?" என்பதே அவருடைய கேள்வி.

உயர்தரப் பரீட்சையை 2013 ஆகஸ்டில் எழுதினேன். பல்கலைக்கழக அனுமதிக்கான நுவரெலியா மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருந்தேன். ஆனாலும் விரிவுரை மண்டபத்தில் போய் உட்கார 2015 பிறந்துவிட்டது. தமிழில் படித்த பௌதிகவியலை ஆங்கிலத்தில் மறுபடி படிக்க வேண்டியிருந்தது. முதல் ஆண்டு முழுவதும் அதிலேயே கழிந்தது.

இரண்டாம் ஆண்டு முடியும்போதுதான் உண்மையான தீர்மானம் வந்தது. மூன்று ஆண்டில் பொதுப் பட்டத்தோடு வெளியேறலாம். அல்லது நான்காவது ஆண்டும் இருந்து பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் எடுக்கலாம். விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மாலை, கொழுந்துக் கறை படிந்த விரல்களை அம்மா தேசிக்காய்த் தோலால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கணக்குக் கொப்பியைத் திறந்து கணக்கை எழுதினேன்.

அப்போது ஒரு பேர் 730 ரூபாய். அடிப்படை 500, மீதி வருகைப் படி, விலைப் பங்கு, உற்பத்தி ஊக்கத்தொகை. பறித்த கொழுந்தின் நிறை குறைந்த நாளில் அந்த ஊக்கத்தொகையான 140 ரூபாய் போய்விடும். மகாபொல என்ற மாணவர் உதவித்தொகை மாதம் 5,000 தந்தது. சாப்பாடு, பஸ், போட்டோ பிரதி எல்லாம் சேர்த்து எனக்கு 8,600 வரை செலவானது. துண்டு விழுந்த தொகை மாதம் ஐந்து பேர். பத்து மாதத்துக்கு ஐம்பது. என்னோடு படித்த ஒருவன் கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்து வீட்டுக்கு மாதம் ஏறக்குறைய 15,000 அனுப்பிக்கொண்டிருந்தான். நான் அனுப்பாத அந்தப் பணம் மாதம் இருபது பேர், வருடத்துக்கு 240. இரண்டையும் கூட்டினால் 290. அம்மா மாதம் 24 நாள் வேலைக்குப் போவார். என் நான்காம் ஆண்டின் விலை, மலையில் அவருடைய முழுதாக ஓர் ஆண்டு.

எழுதிய பக்கத்தைக் காட்ட எனக்குக் கை வரவில்லை. அவரே கேட்டு வாங்கினார். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்துவிட்டு, "ஒரு வருடம்தானே, போ" என்றார்.

அந்தக் கொப்பியில் நான் எழுதாமல் விட்டவையே பெரிய செலவுகள். பல்கலைக்கழகத்துக்கு முன் காத்திருந்த காலம் அதில் இல்லை. 2019 தொடக்கத்தில் படிப்பு முடிந்து, 2020 செப்டெம்பரில் அரசின் பட்டதாரிப் பயிலுனர் நியமனம் கிடைக்கும் வரை ஹட்டனில் ஆறேழு பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்து ஓட்டிய காலமும் இல்லை. உயர்தரம் எழுதிய நாளிலிருந்து எண்ணினால் ஏழு ஆண்டுகள். நான்கு ஆண்டுப் படிப்பு என்று நினைத்து யாரும் இதில் இறங்கக் கூடாது.

பயிலுனர் கொடுப்பனவு மாதம் 20,000 ரூபாய். தோட்டக் கூலி அப்போது 750. முதல் கொடுப்பனவு கைக்கு வந்த நாளில் வகுத்துப் பார்த்தேன்: 27 பேருக்கும் குறைவு. அம்மாவின் ஒரு மாதச் சம்பளத்தை அப்போதுதான் எட்டிப் பிடித்திருந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சம்பளத்தை மட்டும் பார்த்தால் சிறப்புப் பட்டம் எனக்கு ஒரு சதமும் கூட்டித் தரவில்லை. பொதுப் பட்டம் எடுத்தவர்களுக்கும் அதே 20,000தான். ஆனால் ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறவருக்கு நான்காம் ஆண்டு அவசியம். என் வகுப்புத் தோழர் இருவர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்ந்தார்கள். அங்கே கற்பித்தல் உதவியாளராக வேலை செய்தால் கட்டணமும் தள்ளுபடி, மாதப் பணமும் கிடைக்கும். விண்ணப்பக் கட்டணம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் டொலரில். எனக்கு அது முடியவில்லை. பௌதிகவியலோடு கணினிப் பாடங்களையும் எடுத்த இன்னொருவன் பட்டம் கிடைத்த சில மாதங்களிலேயே கொழும்பில் மென்பொருள் வேலையில் அமர்ந்தான். அந்தப் பாடங்களை நானும் எடுத்திருக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எனக்குக் கைகொடுத்தது கற்பித்தல். மலையகத்தில் தமிழ் மொழியில் உயர்தரப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்க ஆள் போதாது. பாடசாலைச் சம்பளமும் மாலை வகுப்பும் சேர்ந்த பிறகே அம்மா மலைக்குப் போவதை நிறுத்தினார். அந்த 290 பேரை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேனா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நான் மட்டும் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் தலவாக்கலையிலிருந்து ஒரு மாணவி தாயுடன் வந்திருந்தாள். பௌதிக விஞ்ஞானத்துக்கு விண்ணப்பிப்பதா, ஏதாவது டிப்ளோமா படித்து உடனே வேலைக்குப் போவதா என்று கேட்டாள். பழைய கொப்பியிலேயே ஒரு புதிய பக்கத்தைத் திருப்பினேன். முதல் வரியில் காத்திருக்கும் மாதங்களை எழுதச் சொன்னேன். "ஒரு பேர் இப்போது எவ்வளவு?" என்று கேட்டேன். அவள் வாய் திறக்கும் முன்பே தாய் பதில் சொன்னார்.