கரண்ட் இல்லாத ராத்திரிக்கு ஒரு சின்ன லேப்டாப்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஆனி, ஆடி மாதத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், காற்று ஒரு பிடி பிடித்தால் எங்கேயாவது ஒரு டர்பன்டைன் மரம் வயர் மேல் சாயும், அத்தோடு தேயிலைத் தோட்டம் முழுக்க இருட்டு. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி இடிக்கத் தொடங்கினால், கரண்ட் இருந்தாலும் அம்மா எல்லா பிளக்கையும் கழற்றிவிடுவார். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வெட்டினார்களே, அப்போது நான் வெளிவாரிப் பட்டப்படிப்பில் இருந்தேன். ஹட்டனில் பழையதாக வாங்கிய 11.6 அங்குல லேப்டாப் இரண்டரை மணி நேரத்தில் அணைந்துவிடும், பாதி எழுதிய ஒப்படையோடு உட்கார்ந்திருப்பேன். அதே லேப்டாப், அதே பேட்டரி, இப்போது ஐந்து மணி நேரம் தாராளமாக ஓடுகிறது.

முதலில் உங்கள் பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். விண்டோஸில் கட்டளைச் சாளரத்தை (கமாண்ட் ப்ரொம்ப்ட்) திறந்து பவர், சி, எஃப், ஜி நான்கையும் ஒட்டி அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து அடித்தால் (powercfg /batteryreport) ஒரு அறிக்கை வரும். அதில் பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது என்று இரண்டு எண்கள் இருக்கும். என்னுடையது 38 வாட் மணியில் தொடங்கி 27க்கு வந்திருந்தது. இனி கணக்கு சுலபம். லேப்டாப் 10 வாட் இழுத்தால் 27 வாட் மணி மூன்று மணி நேரத்துக்கும் வராது, 5 வாட் இழுத்தால் ஐந்து மணி நேரம் தாண்டும். அதனால் நான் பேட்டரி எத்தனை வீதம் என்று பார்ப்பதை விட்டுவிட்டேன், வாட்டைத்தான் பார்க்கிறேன். லினக்ஸ் போட்டவர்கள் பவர்டொப் என்ற நிரலைத் திறந்தால், இந்த நிமிடம் எவ்வளவு இழுக்கிறது என்று அதுவே காட்டும்.

என் லேப்டாப்பில் அதிகம் குடித்தது திரை. கரண்ட் போன லயத்து அறையில் ஒரு மெழுகுவர்த்திதான் எரிகிறது, அந்த வெளிச்சத்துக்கு முழுப் பிரகாசம் எதற்கு? கால்வாசியே கண்ணுக்குப் போதும், சொல்லப்போனால் அதுதான் இதம்.

இரண்டாவது, நான் எதிர்பார்க்காதது, யூஎஸ்பி டொங்கிள், அதாவது சிம் போட்டு இணையம் எடுக்கச் செருகுகிற சின்னக் குச்சி. பழைய யூஎஸ்பி துளையே இரண்டரை வாட் வரை கொடுக்கும். எங்கள் வீடு மலை மடிப்புக்குள் இருக்கிறது, டவர் அந்தப் பக்கம், சிக்னல் மெலிய மெலிய டொங்கிள் சத்தம் போட்டுக் கூப்பிடுகிற மாதிரி கூடுதல் சக்தியில் அனுப்பும், அத்தனையும் லேப்டாப் பேட்டரியிலிருந்துதான். இப்போது போனை ஜன்னல் கட்டையில், சிக்னல் பிடிக்கிற அந்த ஒரு மூலையில் வைத்து ஹொட்ஸ்பொட் போடுகிறேன். டொங்கிளைக் கழற்றிய அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. எழுதும்போது வைஃபையையும் அணைத்துவிடுவேன், தேவையான பக்கங்களை முதலிலேயே சேமித்து வைத்தால் போதும். பேட்டரி சேவர், பிரௌசரில் தேவையில்லாத டேப்களை மூடுவது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

மூடியை மூடி அப்படியே பைக்குள் வைத்து பஸ் ஏறாதீர்கள். புதிய விண்டோஸ் லேப்டாப்கள் பல, உறக்கத்திலும் அரை விழிப்பாக இருக்கும், ஹட்டன் போய்ச் சேரும்போது பை சூடாகிப் பேட்டரி பாதியாகியிருக்கும். ஹைபர்னேட் செய்துவிட்டால், அதாவது திறந்திருந்த வேலையைச் சேமித்துவிட்டு முழுதாக அணைய விட்டால், அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் பேட்டரியின் ஆயுள். நம் ஊர்க் குளிர் அதைக் கெடுத்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். நுவரெலியா விடியற்காலையில் பேட்டரி கொஞ்சம் மந்தமாகும், சூடேறியதும் திரும்பிவிடும். பூச்சியம் பாகை செல்சியஸுக்குக் கீழான குளிரில் சார்ஜ் போட்டால்தான் ஆபத்து. லித்தியம் பேட்டரிக்கு உண்மையான எதிரி சூடும், 100 வீதத்திலேயே நாள் முழுக்க நிற்பதும். கம்பளிக்குள் சார்ஜில் வைத்துப் படம் பார்ப்பதும், அடுப்படி மேசையில் சார்ஜில் விட்டுப் போவதும் இரண்டையும் சேர்த்துச் செய்கிற வேலை. பல லேப்டாப்களில் 80 வீதத்தோடு சார்ஜை நிறுத்த ஒரு அமைப்பு இருக்கிறது, சாதாரண நாளில் அதை வைத்திருங்கள். காற்று எழும்புகிற நாளிலும், மின்வெட்டு அறிவித்த நாளிலும் மட்டும் முழுதாக ஏற்றுங்கள்.

ஒன்றே ஒன்று. டச்பேட் மேலே எழும்பினாலோ, மூடி சரியாக மூடவில்லை என்றாலோ உள்ளே பேட்டரி ஊதியிருக்கலாம். தங்கச்சியின் லேப்டாப்புக்கு ஒரு கடையில் மலிவாகப் போட்ட பேட்டரி எட்டு மாதத்தில் அப்படித்தான் ஆனது, பார்க்கும்போது டச்பேட் ஒரு பக்கம் நெல்லளவு தூக்கி நின்றது. அந்த நேரத்தில் சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், அணைத்துவிட்டு, தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள்.