பழுவூர் ராணியின் வழக்கறிஞர்

இந்தப் பழைய மாணவர் மலரைப் புரட்டுகிறவர்களில் பாதிப்பேருக்கு என் சொந்தப் பெயர் நினைவிருக்காது. 'ராணி' என்றால் தெரியும். கனடாவில், ஸ்காபரோவில் நடக்கிற ஒன்றுகூடல்களில், நரைத்த தலையும் கையில் பேரப்பிள்ளையுமாக நிற்கிற என்னை, மண்டபத்தின் மற்றத் தொங்கலிலிருந்து ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவர் "டேய் ராணி!" என்று கூப்பிடுவார். என் மனைவி இப்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பதில்லை. மூத்த பேரனுக்கு மட்டும் அது இன்னும் பகிடி.

அந்தப் பெயரை எனக்கு வைத்த எங்கள் ஆசிரியர் போன மார்கழியில் ஊரில் காலமானார். அவருக்கு நாங்கள் வைத்த பெயரை இங்கே எழுதப் போவதில்லை. செத்தவருக்கு மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். பயம் இன்னும் விட்டுப்போகவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் மணிக்கும் அவர் செருப்புச் சத்தத்துக்கும் இடையில் எங்கள் வகுப்பு எப்படி அடங்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேட்டி, நாஷனல் சட்டை, கக்கத்தில் குடை. மாரி கோடை இல்லை, குடை எப்போதும் இருக்கும். கதிரையில் இருக்கமாட்டார். ஒருவன் எழும்பி ஏதாவது சொன்னால் குடைக்கம்பியை மேசையில் ஒரு தட்டுத் தட்டி, "வரி எங்கை?" என்பார். வாலியை மறைந்திருந்து கொன்றது பிழை என்று சொல்லு, சரி என்று சொல்லு, அவருக்குக் கவலையில்லை. கம்பனில் எந்த வரி அப்படிச் சொல்கிறது என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வாங்கில் ஏற வேண்டும்.

1977 என்று நினைக்கிறேன். இந்தியச் சஞ்சிகைகள் கடைகளில் அரிதாக இருந்த காலம். விடுதியில் இருந்த ஒரு காரைநகர்ப் பெடியன் தன் பெரியம்மாவின் றங்குப்பெட்டியிலிருந்து ஒரு கட்டைக் கொண்டுவந்தான். கல்கி வார இதழில் வந்த 'பொன்னியின் செல்வன்', வாரம் வாரமாக வெட்டித் தைத்தது. பின் துருப்பிடித்து எழுத்தைத் தின்றிருந்தது. ஓவியர் மணியத்தின் படங்களுக்கு யாரோ ஒரு குழந்தை நீலப் பென்சிலால் மீசை வைத்திருந்தது, குந்தவைக்கும் சேர்த்து. விடுதிப் படிப்பு நேரமான பிரெப்பில் கணிதக் கொப்பிக்குள் வைத்து முறை போட்டு வாசித்தோம். கடம்பூர் மாளிகை இருட்டில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் விழுந்து கிடக்கிற இடத்தில் கட்டு முடிந்துவிட்டது. பெரியம்மாவுக்கு அதற்குப் பிறகு இதழ் வரவில்லையா, கறையான் முந்திக்கொண்டதா தெரியாது. முழுக் கதையும் எங்கள் சேரிடம் புத்தகமாக இருந்தது. கேட்டோம். கடைசிப் பாகத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "கொன்றது ஆர் எண்டு முதல் நீங்கள் சொல்லுங்கோ. தவணை முடியத் தாறன்" என்றார்.

அந்தத் தவணை முழுக்க விடுதியில் வேறு கதையில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு கொலை, கிணற்றடியில் ஒரு கொலை. ரவிதாசன்தான் என்றது ஒரு கூட்டம்: பாண்டியனின் ஆபத்துதவி (மெய்க்காவலன்), சபதம் எடுத்தவன், அதற்கென்றே வந்தவன். கரிகாலனே தன் உயிரை மாய்த்தான் என்றது இன்னொன்று. வீரபாண்டியன் தலையை வெட்டிய நாளிலிருந்து அந்த மனிதன் சாவைத் தேடித்தான் திரிகிறான் என்பது அவர்களின் கட்சி. கதாநாயகன் வந்தியத்தேவனைக் குற்றம் சொல்ல ஒருவன்கூட இல்லை. எல்லாரும் அவனாக இருந்தோம்.

நான் நந்தினியின், அதாவது பழுவூர் ராணியின் பக்கம். அவளிடம் வாள் இருக்கிறது, வன்மம் இருக்கிறது, அறைக்குள்ளும் இருக்கிறாள். ஆனாலும் அவள் கொல்லவில்லை என்று நின்றேன். வீரபாண்டியன் அவளுக்குக் காதலனா தகப்பனா என்று நாங்கள் அடிபட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. எதுவாக இருந்தாலும், பழி வாங்குவதற்கென்றே மற்றவர்கள் வளர்த்துவிட்ட ஒருத்தி, அந்த நேரம் வந்ததும் உடைந்துபோவாள் என்பது என் வாதம். இன்றைக்கும் அது மோசமான வாதமென்று நினைக்கவில்லை.

வழக்காடு மன்றம் ஒரு வெள்ளிக்கிழமை, தேவாரத்துக்குப் பிறகு. பக்கத்து வகுப்பும் வந்து சுவரோரம் நின்றது. சேர் நீதிபதி. நான் எழும்பி, கொல்ல நினைத்தவளுக்கு முன்னமே எத்தனையோ சந்தர்ப்பம் இருந்ததே என்று தொடங்கினேன். குடைக்கம்பி தட்டியது.

"கரிகாலன் காஞ்சியிலை. இவள் தஞ்சாவூரிலை. எத்தினை சந்தர்ப்பம்? கடம்பூருக்கு வரவழைச்சதே இவளின்ரை ஏற்பாடுதானே. வரி எங்கை?"

இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. கடைசியில் வந்தது இதுதான்: "சேர், அவ அப்பிடிச் செய்யமாட்டா."

'அவ' என்ற மரியாதைதான் என்னைக் கவிழ்த்தது. அவர் குடையை மடியில் வைத்து, என்னை நன்றாகப் பார்த்து, சபைக்குத் திரும்பினார். "வழக்கறிஞர் கட்சிக்காரியிலை மையல் கொண்டிட்டார். வழக்குத் தள்ளுபடி."

அந்தச் சிரிப்புக்கு ஓட்டுக்கூரையில் இருந்த புறாக்கள் பறந்ததாக இன்றைக்கும் ஒன்றுகூடலில் சொல்கிறார்கள். புறாக் கதை பிறகு சேர்த்தது. மணி அடிக்கும்வரை வாங்கில் நின்றது உண்மை. அடுத்த திங்கள் என் சைக்கிள் மட்காட்டில் வெள்ளைப் பெயின்றால் 'பழுவூர் ராணி' என்று எழுதியிருந்தது. அழிக்க அழிக்க மஞ்சளாகித் தெரிந்தது. சந்தைக்குப் போன அம்மா, "ஆரடா அவள்?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

தவணை முடிவில் சொன்னபடி கடைசிப் பாகத்தைத் தந்தார், முதலில் எனக்கு. ஓரமெல்லாம் பென்சில் குறிகள். 'நான்தான் கொன்றேன்' என்று அதில் இரண்டு பேர் வருகிறார்கள். நந்தினியின் கணவர் பெரிய பழுவேட்டரையர், தான் எறிந்த கத்தி என்கிறார். அந்த இடத்தில் "பிராயச்சித்தம்?" என்று எழுதியிருந்தது. கடம்பூர் இளவரசி மணிமேகலை, தான்தான் என்கிறாள். அங்கே "வந்தியத்தேவனுக்காக". கொன்றதாகச் சொல்ல இரண்டு பேர், இரண்டு பேருக்கும் பொய் சொல்லக் காரணம் இருக்கிறது. நந்தினி வருகிற பக்கங்களில் மட்டும் ஒரு குறியும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

பிறகு ஒரு நாள் உடையார்குடிக் கல்வெட்டைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் இருப்பது. 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள்' என்று ரவிதாசனையும் உடன்பிறந்தாரையும் அது பெயர் சொல்கிறது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டு. அதற்கு முன் 15 வருடம் போல உத்தம சோழன் ஆண்டான். அவன் ஏன் சும்மா இருந்தான் என்பதை வைத்துத்தான் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தமன்மேல் சந்தேகப்பட்டார், மற்றவர்கள் மறுத்தார்கள். கொலைகாரரின் பெயர் கல்லிலேயே இருக்கிறது, பிறகேன் கல்கி இருட்டாக்கினார் என்று ஒருவன் கேட்டான். "கல்லிலை பேர் இருக்கு. ஏன் செய்தாங்கள் எண்டு இருக்கோ? அந்த இடைவெளியிலைதான் கதைகாரன் குடியிருக்கிறான்" என்றார். கதை 1954இல் முடிந்தபோது வாசகர்கள் கேள்வி கேட்டுத் துளைத்து, கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். அப்போதும் கொலைகாரன் யாரென்று அடித்துச் சொல்லவில்லை. அந்த மார்கழியிலேயே அவரும் போய்விட்டார்.

எண்பத்துநான்கில் நான் கனடா வந்தேன். வந்த கதை உங்களுக்கும் உள்ள கதைதான், விட்டுவிடுகிறேன். தொண்ணூறுகளில் இரவு வேலை செய்த தொழிற்சாலையில் ஒரு வெள்ளைக்காரப் பெடியன் இடைவேளையில் தலையணை மொத்தத்தில் புத்தகம் வாசிப்பான். றொபேட் ஜோர்டானின் 'வீல் ஒஃப் ரைம்' என்ற மாயாஜால நாவல் தொடர். ஆங்கிலம் பழக என்று வாங்கத் தொடங்கி நானும் மாட்டுப்பட்டேன். 1993இல் வந்த ஐந்தாம் புத்தகத்தின் கடைசியில், அஸ்மோடியன் என்றொருவன் அரண்மனையில் ஒரு கதவைத் திறக்கிறான். உள்ளே நிற்கிறவரைப் பார்த்து "நீயா? இல்லை!" என்கிறான். சாகிறான். நின்றது யார் என்று எழுத்தாளர் சொல்லவில்லை. தடயம் கதைக்குள்ளேயே இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடம்பூர் மாளிகையேதான். அந்தப் பெடியனும் நானும் சாப்பாட்டு அறையில் பட்டியல் போட்டோம்: யார் அந்த நேரம் அந்த ஊரில் இருந்தார், யாருக்குக் கோபம், அஸ்மோடியன் உயிரோடு இருப்பது யாருக்குத் தெரியும். அவன் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் "வரி எங்கே?" என்று கேட்டேன். ஜோர்டான் 2007இல் இறந்தார். விடை 2010இல், வேறொருவர் எழுதி முடித்த புத்தகத்தின் பின்னிணைப்புச் சொல்லகராதியில், கிரெண்டால் என்ற பெயரின் கீழே போகிற போக்கில் வந்தது. கொலைக்கு விளக்கம் சொல்லகராதியில்! சேர் கேட்டிருந்தால் குடையை முறித்திருப்பார்.

மகள் பெரியவளானதும் ஜோர்ஜ் மார்ட்டினின் 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' புத்தகங்களைக் கொண்டுவந்தாள். அதில் ஜோன் ஸ்னோவின் தாய் யார் என்ற கேள்வி 1996இல் வந்த முதல் புத்தகத்திலிருந்தே இருக்கிறது. நெட் ஸ்ராக் தன் பிள்ளை என்கிறான், தாயைச் சொல்ல மறுக்கிறான். வாசகர்கள் எங்களைப்போலத்தான் கிண்டினார்கள். அவர்கள் பிடித்த நூல்களில் எனக்குப் பிடித்தது காவலர் மூவர். அரசன் செத்தான், இளவரசன் றேகார் செத்தான், மிஞ்சிய சின்ன இளவரசன் வேறு தீவில். அரச குடும்பத்தைக் காக்கச் சத்தியம் செய்த மூன்று வீரர் அங்கே போகவில்லை. எங்கோ மலையடியில் ஒரு கோபுரத்தை உயிர் விடும்வரை காக்கிறார்கள். உள்ளே இருப்பது நெட்டின் தங்கை லியானா, சாகக் கிடக்கிறாள். அப்படியானால் அவர்கள் காத்தது யாரை? பிள்ளையை. றேகாரின் பிள்ளையை. ஒருவரும் வாய் திறக்காமல், நின்ற இடத்தை மட்டும் வைத்துக் காரணத்தைப் பிடிக்கிற வித்தை. இதை மகள் கை ஆட்டி ஆட்டிச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. கதைக்காக அல்ல.

அந்தக் கதையை ரீவீத் தொடராக்க வந்த இருவரிடம் மார்ட்டின், ஜோனின் தாய் யார் என்று கேட்டாராம். சரியாக ஊகித்துச் சொல்லித்தான் வேலை பெற்றார்கள். 2016இல் தொடரில் விடை வந்தது. புத்தகத்தில் இன்னும் இல்லை. ஐந்தாம் பாகம் 2011இல் வந்ததோடு நிற்கிறது. பெரியம்மாவின் கட்டுக்குள் உலகமே மாட்டுப்பட்டிருக்கிறது என்று நான் சொல்ல, மகளுக்கு விளங்கவில்லை.

சமாதான காலத்தில், 2004இல், ஊருக்குப் போய் சேரைக் கண்டேன். நாஷனல் தொளதொளத்திருந்தது. குடை மூலையில் சாய்ந்திருந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகத்திலிருந்து குறிப்பெடுத்த கொப்பிகள் அலுமாரி நிறைய இருந்தன. அவர் குறிப்பெடுத்த புத்தகங்கள் 1981இல் எரிந்துவிட்டன. அஸ்மோடியன் கதையைச் சொன்னேன். கதவு திறக்கிற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தி, "அவனுக்கு உள்ளை நிண்ட ஆளைத் தெரியும். தெரியாட்டி 'நீயா' எண்டு கேட்கமாட்டான். அதிலை பிடிச்சுப் போங்கோ" என்றார். புத்தகத்தைக் கண்ணால் காணாத மனிதர்.

சம்பந்தம் இல்லாமல், 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' எழுதிய ரோல்கினின் ரொம் பொம்படில் என்ற பாத்திரம் பற்றியும் கேட்டேன். யாரென்றே விளங்காத ஆள். புதிராகவே இருக்கட்டுமென்று வேண்டுமென்றே விட்டதாக ரோல்கின் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார், அதுவும் 1954இல். "மறைச்சு வைக்கிறது ஒண்டு. திறந்தபடி விடுறது வேறை. இரண்டாவதுக்குத்தான் நெஞ்சுரம் வேணும்" என்றார்.

தேத்தண்ணீர் வந்தது. குடித்து முடித்துவிட்டுத்தான் கேட்டார்.

"நீர் போனதைப் பற்றி இஞ்சை மூண்டு கதை. தரப்படுத்தலிலை கம்பஸ் கிடைக்காமப் போனதிலை எண்டு ஒண்டு. ஆமிக்குப் பயந்து எண்டு ஒண்டு. அண்ணன்காரன் கூப்பிட்டவர் எண்டு மற்றது."

"மூண்டும் உண்மைதான் சேர்."

"ஓம். மூண்டுக்கும் வரி இருக்கு. அதுதான் எனக்குச் சந்தேகம்."

நான் சிரித்துச் சமாளித்தேன். எழும்பி வரும்போது படலைவரை வந்தார். அங்கேயும் கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. கனடா வந்த பிறகு ஒரு நீண்ட கடிதம் எழுதத் தொடங்கினேன். போகாதிருந்தால் நானும் அதே வகுப்பில் குடையோடு நின்றிருப்பேனா, அந்த ஆசை எனக்கு இருந்தது அவருக்குத் தெரியுமா, அதனால்தான் கேட்டாரா. எழுதி எழுதிக் கிழித்தேன். பிறகு மறுபடி சண்டை, தபால் இல்லை, பிறகு தபால் வந்தது, நான் எழுதவில்லை. இப்போது அவரும் இல்லை.

அவர் பெயரில் கல்லூரி நூலகத்துக்கு ஒரு அலுமாரியும் புத்தகங்களும் அனுப்புவதாகச் சங்கக் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. என் பங்குக் காசைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். குழுவினருக்கு ஒரேயொரு வேண்டுகோள். 'பொன்னியின் செல்வன்' அனுப்பும்போது கடைசிப் பாகத்தை மட்டும் ஒரு தவணை பிந்தி அனுப்புங்கள்.