களிமண்ணில் கோழிக் காதும் நம் காதும்

மூன்று வாரமாக உட்செவி செய்துகொண்டிருக்கிறேன். நிஜத்தைவிடப் பத்து மடங்கு பெரிய அளவு. மனிதக் காதின் நத்தைச்சுருளுக்குள் ஓடும் அடித்தளச் சவ்வை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 35 மி.மீ. வரும், கோழிக்கு சுமார் 4 மி.மீ. ஆக, என் மேசையில் ஒன்று 35 செ.மீ., மற்றது 4 செ.மீ.

கோழியுடையது அரைமணி நேரத்தில் முடிந்தது. லேசாக மடக்கிய சுண்டுவிரல் மாதிரி ஒரு குழல், நுனியில் லஜீனா என்னும் சிறு பை, அவ்வளவுதான். அந்தப் பை நம் காதில் கிடையாது.

நம்முடைய சுருள்தான் பாடாய்ப் படுத்தியது. காகிதக் கூம்பின் மேல் இரண்டரைச் சுற்று சுற்றிக் காயவைத்தால் வளைவில் வெடிப்பு விழுகிறது. மூன்று முறை உடைந்தது. நான்காம் முறை உள்ளே மெல்லிய கம்பி கொடுத்த பிறகே நின்றது. அதற்குள் வைத்த சவ்விலும் தப்பு செய்திருந்தேன். குழல் நுனியை நோக்கிக் குறுகுவதால் சவ்வையும் அப்படியே குறுக்கி வெட்டியிருந்தேன். உண்மை நேர்மாறு: சவ்வு அடியில் குறுகலாகவும் விறைப்பாகவும் இருக்கும், நுனியில் ஐந்து மடங்கு வரை அகன்று தளர்ந்திருக்கும். கீச்சொலி அடியை அசைக்கும், கனத்த ஒலி நுனியை அசைக்கும். பிரித்து, மறுபடி வெட்டி ஒட்டினேன்.

நடுச்செவி எளிது. நமக்குச் சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று எலும்பு. பறவைக்கு ஒரே குச்சி. உட்செவியில் உடலின் சமநிலையை உணரும் அரைவட்டக் குழல்கள் கோழிக்கும் நமக்கும் காதுக்கு மும்மூன்று.

இவ்வளவு நாளும் பறவைக் காதை நம் காதின் வளராத வடிவம் என்றே நினைத்திருந்தேன். அந்த எண்ணம் போனது, சவ்வின் மேல் அமர்ந்து ஒலியதிர்வை உணரும் மயிர்ச்செல்களைப் புள்ளி வைத்துப் பார்த்தபோதுதான். சவ்வின் ஒரு மில்லிமீட்டரை மட்டும் நூறு மடங்கு பெரிதாக்கி, 10 செ.மீ. நீளத்தில் இரண்டு காகிதப் பட்டைகள் வெட்டினேன். மனிதப் பட்டையில் உள்வரிசை ஒன்று, வெளிவரிசை மூன்று. வரிசைக்குச் சுமார் நூறு புள்ளி. சீக்கிரமே முடிந்துவிட்டது. கோழிக்கு 4 மி.மீ.க்குள் ஏறக்குறைய பத்தாயிரம் செல்கள், அதாவது இந்தப் பட்டையில் 2,500 புள்ளி. ஒருநாள் மாலை முழுக்க உட்கார்ந்து வைத்தேன், விரல் மரத்துப்போனது. குறுக்கே எண்ணினால் இருபத்தைந்து. நாம் நாலு வரிசையை நீளமாக ஓட்டியிருக்கிறோம். கோழி குட்டையான இடத்தில் அகலமாக நிரப்பியிருக்கிறது. இரண்டு பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அகலத்திலும் வேலைப் பிரிவினை உண்டு. ஒரு விளிம்பில் நெட்டைச் செல்கள். மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புகள் பெரும்பாலும் அவற்றில்தான் வந்து சேரும். எதிர் விளிம்பில் குட்டைச் செல்கள். நம் காதிலும் செய்தி அனுப்புவது உள்வரிசை. வெளிவரிசைச் செல்கள் சுருங்கி நீண்டு ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும்.

இப்போது புள்ளிகளுக்குப் பதில் குண்டூசி குத்திக்கொண்டிருக்கிறேன், பிடுங்கிக் காட்ட வசதியாக. பேரிரைச்சலிலோ சில மருந்துகளாலோ மயிர்ச்செல் செத்தால், பறவையில் பக்கத்திலிருந்து அதைத் தாங்கும் தாங்குசெல்கள் இரண்டாகப் பிரிந்து புதிதாக மயிர்ச்செல்லைத் தரும்; கேட்கும் திறனும் சில வாரங்களில் பெருமளவு திரும்பும். 1988இல் ஆய்வாளர்கள் இதை உறுதிப்படுத்தினார்கள். நம் பட்டையில் பிடுங்கிய ஊசியைத் திருப்பிக் குத்த வழியில்லை.

அடுத்தது கூகை. அதன் சவ்வு 11 மி.மீ.க்கு மேல் போகும், பறவைகளில் அது பெரிய நீளம். அதில் பாதிக்கு மேல் 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. இருட்டில் எலியின் சலசலப்பைப் பிடிக்க உதவும் பகுதி. குழலை உருட்டி முடித்துவிட்டேன். காய்ந்ததும் அந்தப் பகுதிக்கு மட்டும் சிவப்பு பூச வேண்டும்.